நான்கு வளையல்களும் இரண்டு தவணைகளும்

கேள்வி: எனக்கு வயது 36. 2014-இல் மும்பைக்கு வந்து, ஐந்து ஆண்டுகள் உதவிப் படத்தொகுப்பாளராக இருந்துவிட்டு, இப்போது இந்திப் படங்களைத் தனியாக எடிட் செய்கிறேன். படம் ஓடினால் இயக்குநருக்குப் பாராட்டு. இழுவை என்றால் எடிட்டருக்குத் திட்டு. போஸ்டரில் என் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கடைசிப் படத்தின் இரண்டு தவணைப் பணம் எட்டு மாதமாக வரவில்லை. தயாரிப்பாளர் என்னைத் தம்பி போல நடத்துகிறவர் என்பதால் வற்புறுத்திக் கேட்கவில்லை. உதவியாளருக்குச் சம்பளம் தர வேண்டியிருந்தபோது, மனைவி தன் நான்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள், அடகு வைத்தேன். அவள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். இந்தத் தொழிலில் எனக்கு மதிப்புக் கிடைக்குமா, இயக்கத்துக்கு மாறிவிடலாமா?
— வாசகர், மீரா ரோடு

பதில்: கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1975-இல் வெளிவந்த ‘ஷோலே’ படத்துக்கு அப்போது கிடைத்த ஒரே ஃபிலிம்ஃபேர் விருது அதன் படத்தொகுப்பாளர் எம்.எஸ். ஷிண்டேவுக்குத்தான். அதன் வில்லன் கப்பர் சிங்கின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? உங்கள் தொழிலில் கிடைக்கும் மதிப்பின் அளவு இதுதான். பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே இருக்கும் உங்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல. ஹிருஷிகேஷ் முகர்ஜி எடிட்டராக இருந்து இயக்குநரானவர்தானே என்பீர்கள். 1957-இல் முதல் படத்தை இயக்கிய அவர், அடுத்த ஆண்டே பிமல் ராயின் ‘மதுமதி’க்குப் படத்தொகுப்பாளராக உட்கார்ந்தார், 1965-இல் மலையாளத்துச் ‘செம்மீனு’க்கும் அவர்தான் தொகுத்தார். போஸ்டரில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்ற மனத்தாங்கலில் எடிட்டிங் மேசையை விட்டு எழுந்து போனவர் அல்லர் அவர். உங்களிடம் சொல்வதற்கு ஒரு கதை இருப்பதாகக் கடிதத்தில் எங்குமே இல்லாதபோது, இயக்கத்தைப் பற்றி நான் என்ன சொல்வது?

இனி வளையலுக்கு வருகிறேன். ஒரு நடிகை எந்த நொடியில் இமைத்தாள் என்று பார்த்து ஷாட்டை வெட்டுவது உங்கள் தொழில். உங்கள் மனைவி வளையலைக் கழற்றியபோது அவர் முகம் எப்படியிருந்தது என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. “பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவர் சொன்னாரா, அல்லது நீங்களே அவர் சார்பில் சொல்லிக்கொண்டீர்களா? இந்த வாக்கியத்தை நான் பல ஆண்டுகளாகக் கடிதங்களில் படித்து வருகிறேன். வியாபாரிகள் எழுதியிருக்கிறார்கள், பேராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதிய அத்தனை பேரும் கணவன்மார்கள்; ஒரு மனைவியின் கையெழுத்தில் அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

உதவியாளரின் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்தீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் சரியாகப் பாருங்கள். தயாரிப்பாளர் தர வேண்டிய பணத்தை உங்கள் மனைவி தந்திருக்கிறார். அதற்கான வட்டியையும் உங்கள் வீடுதான் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்துக்கு முதல் போட்டவர்களில் அவரும் ஒருவர். போஸ்டரில் உங்கள் பெயராவது தேடினால் கிடைக்கிறது, அவர் பெயர் எந்த மூலையில் இருக்கிறது? தன் உழைப்பை யாரும் கண்டுகொள்வதில்லை என்று இவ்வளவு நீளமாகக் குறைபட்டுக்கொள்கிற ஒருவர், தன் வீட்டுக்குள் இருக்கும் அதே குறையை அரை வாக்கியத்தில் தாண்டிப் போவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தயாரிப்பாளரிடம் உழைத்த கூலியைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிற நீங்கள், மனைவியின் கையிலிருந்து தங்கத்தை வாங்குவதற்குக் கூச்சப்படவில்லை. தம்பி போல நடத்துகிறவர் எட்டு மாதம் கூலியை நிறுத்தி வைப்பாரா? குடும்பம் என்ற சொல்லை மும்பைத் திரையுலகம் தாராளமாகப் புழங்கும். வாடகை நாள் வந்தால் உங்களோடு நிற்பது எந்தக் குடும்பம் என்பதை நீங்கள் இதற்குள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கட்டிய மனைவியின் நகையை மீட்பது கணவனின் கடமை என்று நம்புகிற பழைய ஆள் நான், அதை மறைக்கவும் போவதில்லை.

இந்த வாரமே தயாரிப்பாளருக்கு எழுத்து மூலமாக ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒப்பந்தத் தொகை, வந்த தவணைகள், வர வேண்டியவை, கெடு நாள் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும், மன்றாட்டு வேண்டாம். பதில் வராவிட்டால் படத்தொகுப்பாளர்களுக்கென்று மும்பையில் இருக்கும் சங்கத்தில் புகார் கொடுங்கள். அடுத்த படத்தில் தவணைகளை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்: பிக்சர் லாக் ஆனதும், அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவானதும், படம் ஒலி வேலைக்கும் வண்ண வேலைக்கும் போய்விடும், அதற்குப் பிறகு எடிட்டர் யாருக்கும் அவசரமாகத் தேவைப்பட மாட்டார், ஆகவே பெரும்பகுதிப் பணம் அந்த நாளுக்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். (படம் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது உங்கள் சொத்து இல்லை.)

அந்தக் கடிதத்தை அனுப்பும் முன் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நிலுவை எவ்வளவு, அடகுச் சீட்டில் மீட்க வேண்டிய கடைசித் தேதி எது என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும். பணம் வந்த அன்று எடிட்டிங் அறைக்குப் போக வேண்டாம், இருவருமாக அடகுக் கடைக்குப் போய்விட்டு வாருங்கள்.