“காலநிலை சரியில்லை” என்று விமானத்தை ரத்துச் செய்தால் நட்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: மார்கழியில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னை போகப் பலாலிக்குப் போனோம். இந்திய நிறுவனம் ஒன்றின் இருவழி ரிக்கற், யாழ்ப்பாணத்தில் முகவரிடம் எடுத்தது. காலையில் நல்ல மழை. மத்தியானம் விட்டு, வெயிலும் எறித்தது. வேறொரு நிறுவனத்தின் விமானம் வந்து போனதைக் கண்ணால் கண்டோம். பின்னேரம் எங்களிடம் “காலநிலை சரியில்லை, விமானம் வராது, அடுத்தது நாளை மறுதினம்” என்றார்கள். திகதி குறித்த சிகிச்சை என்பதால் இரவோடிரவாக வான் பிடித்துக் கட்டுநாயக்கா போய்ப் புது ரிக்கற் எடுத்தோம். பழைய காசுக்கு வவுச்சர்தான் தருவார்களாம். வழக்குப் போடலாமா? – வாசகி, கோண்டாவில்

பதில்: வவுச்சரை வாங்காதீர்கள். ரத்து அவர்களுடையது, காசாகத் திருப்பித் தர வேண்டும். வவுச்சராக வைத்துக்கொள்வதா என்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாக அப்படிச் செய்ய முடியாது என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியே சொல்கிறது. முகவரிடம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு நிறுவனத்துக்குத்தான். “முகவரைக் கேளுங்கள், நிறுவனத்தைக் கேளுங்கள்” என்று மாறி மாறி அலைக்கழித்தால் இருவருக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வான் கூலியும் புது ரிக்கற் காசும்தான் சிக்கலானவை. சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் 1999 மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் சேர்ந்த நாடுகள். அதன் 19ஆம் உறுப்புரைப்படி, தாமதத்தால் வந்த நட்டத்துக்கு நிறுவனம் பொறுப்பு. தவிர்ப்பதற்கு நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம், அல்லது செய்யவே முடியாதிருந்தது என்று அவர்கள் நிரூபித்தால் மட்டும் தப்பலாம். நிரூபிக்கும் சுமை உங்களுடையது அல்ல. கவுண்டரில் சொன்ன “காலநிலை” ஒரு பதில் மட்டுமே, சான்று அல்ல.

ஆனால் மத்தியானம் ஒரு விமானம் இறங்கியதை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்குக்குப் போகாதீர்கள். இடி மேகம் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து சேரும். விமானத்துக்கு விமானம், நிறுவனத்துக்கு நிறுவனம் பார்வைத் தூரத்துக்கும் மேக உயரத்துக்கும் குறுக்குக் காற்றுக்கும் வைத்திருக்கும் எல்லை வேறு. இறங்க வேண்டாம் என்று விமானி முடிவெடுத்தால் அதில் குறை காண நான் ஒருபோதும் ஆலோசனை சொல்ல மாட்டேன். அந்த முடிவு உங்கள் அம்மாவின் உயிரையும் சேர்த்துத்தான் காக்கிறது.

நாம் கேட்க வேண்டியது, அந்த நேரத்தில், அந்த விமானத்துக்கு உண்மையான தடை எது என்பதுதான். பலாலி ஓடுபாதையின் இலக்கம் 05/23, வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. மார்கழி வாடைக்காற்று பெரும்பாலும் ஓடுபாதை வழியேதான் வீசும். ஆகவே “வாடை பலம்” என்ற விளக்கம் மட்டும் போதாது. கடும் மழையில் பார்வைத் தூரம் குறைவது, தாழ்ந்த மேகம், இடி, தாழமுக்கம் வந்து காற்றுத் திசை மாறுவது என்றால் கதை வேறு. சென்னையில் வானிலை மோசமாக இருந்தாலும் உங்கள் விமானம் புறப்பட்டிருக்காது. அதுவும் நியாயமான காரணமே. மாறாக, அதே விமானம் காலையில் வேறொரு ஊரில் பிந்தியதாலோ, பணிக்குழுவின் வேலை நேரம் முடிந்ததாலோ ரத்தாகியிருந்தால், “காலநிலை” என்ற சாட்டு பலவீனமாகிவிடும்.

இதைப் பார்க்க மெட்டார் என்னும் விமான நிலைய வானிலை அறிக்கைகள் உதவும். அன்றைய நாளுக்குப் பலாலி, சென்னை இரண்டினதையும் தேடி எடுங்கள். அவற்றிலுள்ள நேரம் உலகப் பொது நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்டிப் படிக்க வேண்டும். 0830 என்றிருந்தால் எங்களுக்குப் பிற்பகல் 2 மணி. இதைக் கவனிக்காமல் காலை மழையைப் பின்னேரத்துக்குரியதாகக் காட்டினால் வழக்கு அங்கேயே சரிந்துவிடும். நிறுவனத்திடம் ரத்துக்கான காரணத்தை நேரம் குறிப்பிட்டு எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

காரணம் உண்மையென்றால்? 2006 மார்கழியில் டெல்லிப் பனிமூட்டத்தில் ஒரு பயணி 11 மணித்தியாலம் விமானத்துக்குள்ளேயே இருந்தார். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம், பனிமூட்டத் தாமதத்துக்கு நட்டஈடு இல்லை என்றது. ஆனால் தண்ணீர், உணவு, கழிப்பறை வசதி கொடுத்தே ஆக வேண்டும், மலிவுக் கட்டண நிறுவனத்துக்கும் விலக்கில்லை என்றும் சொன்னது. பலாலியில் அம்மாவுக்கு என்ன கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்பதை மறக்க முன்னர் எழுதி வையுங்கள்.

தாமதத்துக்கான உச்ச வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒருவருக்கு 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). இது தானாகக் கைக்கு வரும் தொகை அல்ல. பற்றுச்சீட்டு உள்ள நட்டத்துக்கே கிடைக்கும். வான்காரரிடம் பற்றுச்சீட்டு வாங்காவிட்டால் இப்போதே கையொப்பத்துடன் வாங்குங்கள். ஆஸ்பத்திரி திகதிக் கடிதம் மிக முக்கியம்: இரண்டு நாள் காத்திருக்க முடியாததற்கு அதுதான் சான்று. மாற்று விமானத்தை நீங்கள் ஏற்காததால், இது தாமதமல்ல, ஒப்பந்த மீறல், ஆகவே 19ஆம் உறுப்புரைக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. கடிதத்தில் இரண்டு அடிப்படையிலும் கேளுங்கள். மன உளைச்சலுக்கென்று தனியாகப் பெருந்தொகை போட வேண்டாம்; மற்றக் கோரிக்கைகளையும் அது கெடுத்துவிடும்.

இருவழி ரிக்கற் என்பதால் சட்டப்படி உங்கள் சேருமிடம் யாழ்ப்பாணம். ஆகவே இலங்கையிலேயே வழக்குத் தொடரலாம். ஒருவழி என்றால் சேருமிடம் சென்னையாகியிருக்கும். வழக்குக்கு இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். மார்கழியிலிருந்து எண்ணினால் நாள் அதிகமில்லை. காசு திருப்பித் தராதது பற்றிய முறைப்பாட்டை இந்தக் கிழமையே அனுப்புங்கள். வான் கூலிக் கணக்கை பற்றுச்சீட்டுகள் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.