பல் எடுத்த இடத்தில் எலும்பை மீட்பது: பல் மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) வைக்கச் சென்றால் எலும்பு போதாது என்கிறார்கள். இருந்த எலும்பு எங்கே போயிற்று?

பதில்: பல்லைத் தாங்கும் எலும்பு பல்லோடு சேர்ந்தே உருவாகி, பல் போனபின் மெல்லக் கரைவது. முதல் ஓராண்டில் அதன் அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடலாம். அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. கன்னத்தை ஒட்டிய சுவர் மெல்லியது என்பதால் அதுவே முன்னதாகக் கரைகிறது. உங்களுக்கு எலும்புத் துகள்களை நிரப்பி, மேலே கொலாஜன் என்னும் புரதத்தாலான சவ்வைப் போர்த்தித் தைப்பார்கள். ஈறின் திசு எலும்பைவிட வேகமாக வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; அதைத் தடுத்து, எலும்பு செல்கள் நிதானமாக வந்து சேர அவகாசம் தருவதே சவ்வின் வேலை. பொதுவாக 4 முதல் 6 மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். குறை சிறிதானால் இம்ப்ளாண்ட் வைக்கும் அன்றே இதையும் செய்துவிடலாம். எது பொருந்தும் என்பதை முப்பரிமாண ஸ்கேன் பார்த்தே முடிவு செய்ய இயலும்.

கேள்வி: அந்தத் துகள் மாட்டு எலும்பு என்கிறார்களே? நாங்கள் சைவம்.

பதில்: பல இடங்களில் அதுதான் பயன்படுகிறது, புரதம் நீக்கிய அந்தத் துகள் மெதுவாகவே கரைவதால் வடிவம் நிலைக்கிறது. கால்சியம் பாஸ்பேட்டால் செய்த செயற்கைத் துகள்களும் உண்டு. உங்கள் எலும்பையே சிறிது எடுத்தும் வைக்கலாம். சவ்வும் பெரும்பாலும் விலங்குக் கொலாஜனே. ஆகவே இரண்டையும் பற்றி முன்னதாகவே கேளுங்கள்; ஒப்புதல் பெறும்போது இதை விளக்குவது மருத்துவரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: அடுத்த வாரம் முன்பல்லை எடுக்கிறார்கள். அன்றே துகள் நிரப்ப வேண்டுமா?

பதில்: முன்பல்லில் உதட்டை ஒட்டிய எலும்புச் சுவர் மிக மெல்லியது என்பதால் பெரும்பாலும் நல்லது. இழப்பு குறையுமே தவிர, முற்றிலும் நிற்காது. சீழ் இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும். எலும்பை உடைக்காமல் பல்லை நிதானமாக எடுப்பதே முதல் பாதுகாப்பு.

கேள்வி: அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்காக ஆண்டுக்கொரு முறை ஊசி போடுகிறார்கள். சர்க்கரையும் உண்டு.

பதில்: பல்லைத் தொடுவதற்கு முன்பே அந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகளைப் பெறுபவர்களுக்குப் பல் எடுத்தபின் தாடை எலும்பு ஆறாமல் மடியும் ஆபத்து, அரிதாயினும், உண்டு. ஊசியைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எழுதித் தந்த மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து பேசட்டும். சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் தேதி குறிக்கச் சொல்லுங்கள்.