ஈரான்ல டூரிஸ்ட் கூட்டம் இல்லாத கிராமம் எதுக்காவது போயிருக்கீங்களா?

போயிருக்கேன், ஆனா கூட்டமே இல்லன்னு சொன்னா பொய்.

புனேல படிக்கும்போது என் ரூம்மேட் ஒரு பக்தியாரி. ஈரான்ல இருக்கற லுர் மக்கள்ல பெரிய பிரிவு, ஜாக்ரோஸ் மலைக்காரங்க. பேசுறது லூரி, பாரசீகத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்கோங்க. போன்ல அவங்க அம்மாவ "தா"ன்னு கூப்பிடுவான், நான் ரொம்ப நாள் காசு கேக்குறான்னே நெனச்சிட்டு இருந்தேன் (அதுவும் கேப்பான்தான்).

அவன் கூட்டிட்டுப் போன ஊரு சர் ஆகா செய்யத். மாகாணத் தலைநகர் ஷஹ்ர்-எ-கோர்த்ல இருந்து செல்கெர்த்ங்கற சின்ன ஊருக்கு வந்து, அதுக்கப்புறம் வளைஞ்சு வளைஞ்சு மலை ரோடு, எனக்கு ரெண்டு தடவ வாந்தி. பக்கத்துல ஜர்த் கூஹ் மலை, 4,200 மீட்டருக்கு மேல, மே மாசத்துலயும் பனி இருந்துச்சு. குளிர்காலத்துல பனி கொட்டினா ரோடு அடைஞ்சிடும், அவ்ளோதான், உள்ள இருக்கறவங்க உள்ளதான்.

ஊரு சரிவுல படிக்கட்டு மாதிரி ஏறுது. கீழ் வீட்டு மொட்டைமாடிதான் மேல் வீட்டுக்கு வாசல், தெருன்னு தனியா பெருசா எதுவும் இல்ல. நான் பாட்டுக்கு போட்டோ எடுத்துக்கிட்டே நடக்குறேன், காலுக்கு அடியில இருந்து ஒரு பாட்டி கத்துறாங்க. என்னடான்னு கேட்டா, "நீ மிதிக்கிற மிதியில கூரை மண்ணு மாவுல உதிருதாம்"ங்கறான். எல்லாம் மண்ணும் வைக்கோலும் குழைச்சுப் போட்ட கூரை, மழை பெஞ்சா கல் உருளைய உருட்டி இறுக்கணும், பனி விழுந்தா உடனே வாரித் தள்ளணும், இல்லன்னா ஊறி ஒழுகும். ஜன்னல் ரொம்ப அபூர்வம், குளிருக்குப் பயந்து.

திட்டின பாட்டியே அப்புறம் உள்ள கூப்பிட்டு, இரும்புத் தட்டுல சுட்ட பேப்பர் மாதிரி மெல்லிசான ரொட்டியும் ஆட்டுத்தோல் பையில கடைஞ்ச மோரும் குடுத்தாங்க. மோர்ல போட்ட உப்பும் உள்ளூர் உப்பாம். ஊருக்குப் பக்கத்துல உப்பு ஊத்து இருக்கு, தண்ணிய சரிவுல பாத்தி கட்டித் தேக்கி வெயில்ல காயவிடுறாங்க. அவ்ளோ உயரத்துல உப்பளம், எனக்கு அந்த ரோட்டு வாந்தியே மறந்துபோச்சு.

கூட்டம் வர்றது வசந்த காலத்துல, செல்கெர்த் இருக்கற கூஹ்ரங் வட்டாரத்துல தலைகீழா தொங்குற துலிப் பூ பூக்கும்போது. வந்தவங்க அப்படியே இங்கயும் வந்து கூரை மேல நடப்பாங்க, என்ன மாதிரியே. போனீங்கன்னா வெள்ளிக்கிழமைய விட்டுடுங்க, அங்க அதுதான் லீவு நாள். மெதுவா நடங்க, கீழ யாராவது மாவு பிசைஞ்சுட்டு இருப்பாங்க.