ஒன்றரை ஏக்கரைத் தொடாமல் விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேலூர் வட்டத்தில் எனக்கு ஆறு ஏக்கர் பட்டா நிலம். பாறையடியில் ஒன்றரை ஏக்கர் முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. உடும்பு, முயல், கௌதாரி எல்லாம் அங்கேதான். அதை அப்படியே விட ஆசை. விட்டால் பட்டா போய்விடும் என்கிறார்கள். அமெரிக்காவில் நிலத்துக்காரரே பத்திரம் எழுதிப் பாதுகாக்கிறார்களாமே, இங்கே முடியுமா?

தரிசாகப் போட்டதால் பட்டா போகாது. கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறும், அவ்வளவுதான். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. நீங்கள் எட்டிப் பார்க்காத நிலத்தில் பக்கத்துக்காரர் நுழைந்து, உங்கள் உரிமையை மறுத்து 12 ஆண்டு வெளிப்படையாக அனுபவித்துவிட்டால், 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் அவர் பக்கம் சாயும். அதனால் முதல் வேலை, புலப்படத்தை (நில அளவை வரைபடம்) எடுத்து சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றுவது. கல்லை ஒட்டிக் கிளுவைப் போத்துகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். ஆடு நுழையாது, கீரியும் உடும்பும் தாராளமாக வந்து போகும். கம்பி வலை போட்டால் இரண்டுக்குமே வழி அடைபடும்.

அமெரிக்க முறையில் நிலம் உரிமையாளரிடமே இருக்கும். அவர் உழலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். மனை போடும் உரிமை, சுரங்கம் தோண்டும் உரிமை போன்றவற்றை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கோ அரசுக்கோ எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு யார் வாங்கினாலும் அந்தக் கட்டு நிலத்தோடு போகும். நிரந்தரமாக எழுதினால்தான் அங்கே மத்திய அரசின் வருமான வரிச் சலுகை. நம் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமோ, ஒரு நிலத்தின் அனுபவத்துக்காக இன்னொரு நிலத்தின் மீதுள்ள உரிமையைத்தான் வசதியுரிமை என்கிறது. பக்கத்தில் நிலமே இல்லாத அறக்கட்டளைக்கு அந்த உரிமையை எழுதித் தர முடியாது.

இங்கே உள்ள வழிகள் வேறு. நம்பகமான அறக்கட்டளைக்குக் குறிப்பிட்ட காலம் குத்தகை விடலாம். ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம், வெள்ளைத்தாள் ஒப்பந்தம் செல்லாது. நிபந்தனையோடு உயில் எழுதலாம், அதற்குப் பதிவு கட்டாயமில்லை. என்றாலும் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். மூன்றாவது வழி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 36சி பிரிவு. தனிநபரோ சமூகமோ தாமாக முன்வந்தால் மாநில அரசு அந்த இடத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சிப் பிரதிநிதி ஆகியோர் நிர்வாகக் குழுவில் இருப்பார்கள். இந்தக் குழு அமைப்பு 2022 திருத்தத்தில் வந்தது.

ஆனால் எடுத்த எடுப்பில் 36சி வேண்டாம். அறிவிப்பு வந்தபின் நிலப் பயன்பாட்டை மாற்றக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை மனையாக்கி விற்க நேரும் வீட்டில் இது சண்டையில் முடியும். முதலில் பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிய பிறகே எந்த ஒப்பந்தமும்.

உங்கள் பக்கத்து அரிட்டாபட்டியைப் பலரும் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியை அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது பல்லுயிர்ச் சட்டம் 2002-ன் கீழ். அது உள்ளாட்சியைக் கலந்து இடத்துக்குச் செய்யும் அறிவிப்பு, தனி ஒருவர் தன் நிலத்துக்குத் தரும் வாக்குறுதி அல்ல. உங்களுக்குப் பயன்படக்கூடியது அதே சட்டத்தில் வரும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊரில் உள்ள உயிரினங்களைக் குறித்து வைக்கும் ஏடு. உங்கள் ஒன்றரை ஏக்கரில் இருப்பதை மாதவாரியாகப் படத்தோடு ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்து, அதில் பதியச் சொல்லுங்கள். நாளை எந்தத் திட்டம் வந்தாலும் பேச ஒரு காகிதம் இருக்கும்.

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம் இருபோக வயல். ஓரத்தில் கண்மாய்க்குப் போகும் ஓடை. முன்பு ஐப்பசி மழையில் விராலும் கெளுத்தியும் வயலுக்கே ஏறி வரும். இப்போது ஒன்றுமில்லை. மீன்குஞ்சு வாங்கி விடலாமா?

விட வேண்டாம். சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் சிலேபி, புல்கெண்டை, அல்லது 2000-லேயே மத்திய அரசு தடைசெய்தும் திருட்டுத்தனமாக விற்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. கடைசியாகச் சொன்னது மற்ற மீன், தவளை, குஞ்சு எதையும் மிச்சம் வைக்காது. புல்கெண்டை, விரால் முட்டையிட்டு ஒதுங்கும் பாசியையும் கொடியையும் மேய்ந்து தீர்த்துவிடும்.

நாட்டு மீன் தானே வரும், பாதை இருந்தால். உங்கள் ஓடையில் மழைநாளில் கீழிருந்து மேலாக நடந்து பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி வண்டிப்பாதைக் குழாய்தான். குழாயின் வாய் ஓடைத்தரைக்கு மேலே தொங்கினால், அரையடி இறக்கமே அயிரைக்கும் குஞ்சுக்கும் மதில். புதிதாகக் குழாய் போடும்போது அதன் உயரத்தில் கால்பங்கு ஓடைத்தரைக்குள் புதையும்படி இறக்குங்கள். உள்ளே மண் படிந்து வேகம் குறையும். ஏற்கெனவே தொங்கும் குழாய்க்குக் கீழே கல் அடுக்கிச் சரிவு கட்டலாம். ஓரடி இறக்கத்துக்குப் பதினைந்து, இருபதடி நீளம் வேண்டும். சிமென்ட் பூசி வழவழப்பாக்கினால் தண்ணீர் மெல்லிய தகடாக ஓடும், மீனுக்கு நின்று மூச்சு வாங்க இடமிருக்காது. கற்கள் மேடுபள்ளமாக இருக்கட்டும். ஓடை புறம்போக்காக இருந்தால் இந்த வேலைக்கெல்லாம் நீர்வளத்துறையிடமோ ஒன்றியத்திடமோ எழுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். புலப்படத்தில் உங்கள் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்மாய் மீன் குத்தகைதாரருக்குச் சொந்தம், அங்கே உங்களுக்குப் பேச்சில்லை.

உங்கள் பட்டாவுக்குள் செய்யக்கூடியது இரண்டு. ஓடைக்கரையில் பத்துப் பதினைந்தடியை உழாமல், களைக்கொல்லி அடிக்காமல் விடுங்கள். நீர்மருது, புங்கை, இடையில் நொச்சி. வேர் கரையைப் பிடிக்கும், நிழல் தண்ணீரைச் சூடேறாமல் வைக்கும். இரண்டாவது, பத்து சென்டில் ஒரு குட்டை. முழுக்க ஒரே ஆழமாக வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மூன்று பக்கம் நாலடிக்கு ஓரடி இறங்கும் சரிவு, ஒரு மூலையில் மட்டும் எட்டடிக் குழி. கால்வாய் அடைத்துக் கோடை வரும்போது மீன் அந்தக் குழியில்தான் பிழைக்கும். உள்ளே கருவேல முள்கிளை நாலைந்து போட்டுவிடுங்கள். நீர்க்காகத்துக்கும் வலை வீசுபவருக்கும் சேர்த்து அதுவே பூட்டு. தூர் எடுப்பதானால் ஓராண்டுக்குப் பாதிக் குட்டை மட்டும்.

விரால் இணை சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும்போது தாயைத் தூண்டில் போட்டு எடுப்பது நம்மூரில் பெரிய சாமர்த்தியமாகப் பேசப்படுகிறது. எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சு முழுக்க மற்ற மீனுக்குத் தீனி. அந்த ஒரு பழக்கத்தை உங்கள் குட்டையில் நிறுத்துங்கள். குருணை மருந்து தூவிய வயலின் வாய்மடையை உடனே திறக்க வேண்டாம், பூச்சிமருந்து அட்டையில் உள்ள நாள்கணக்கு முடியட்டும்.

கேள்வி: திருமங்கலம் கரிசல் காட்டில் சீமைக் கருவேலத்தை அடியோடு அழிக்க நினைக்கிறேன். எப்போது செய்யலாம்?

வெட்டினால் நான்காகத் தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும். பக்கத்துக் கண்மாயில் நாரை, வக்கா கூடு கட்டும் காலம் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தொடங்கிக் கோடைவரை போகும். அப்போது இயந்திரம் இறக்க வேண்டாம். ஒரே ஆண்டில் மொத்தமாகவும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். எடுத்த இடத்தில் அந்த மழைக்கே நாட்டுக் கருவேலம், வன்னி, உசிலை போட்டுவிட வேண்டும். வெறுமனே விட்டால் ஆடு கழித்துப் போடும் விதையில் மறுபடி சீமை முளைக்கும்.

கேள்வி: உசிலம்பட்டியில் மயில் விதைக் கடலையைக் கிண்டுகிறது. என்ன செய்ய?

விஷம் வைத்தால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை, மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிரி. விதைத்த முதல் இரண்டு வாரம்தான் சேதம் அதிகம். அந்த நாட்களில் மட்டும் பழைய மீன்வலையை ஓரடி உயரத்தில் விரித்துக் கட்டிக் காவல் இருந்தால் போதும். முளைத்ததும் வலையைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், விட்டால் பாம்பு சிக்கிச் சாகும்.

கேள்வி: பாலித்தீன் விரித்த பண்ணைக்குட்டையில் கீரியும் தேரையும் செத்து மிதக்கின்றன.

விரிப்பு வழுக்குகிறது, ஏற முடியவில்லை. நான்கு மூலையிலும் கனமான தேங்காய்நார்க் கயிற்று வலையைக் கரையில் முளையடித்து, தரைவரை தொங்கவிடுங்கள். நடுவில் நிறுத்திவிட்டால் நீர் இறங்கும்போது உதவாது. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு வைத்திருப்பவர்கள் மூன்றடிச் சுவர் எழுப்புவதே முதல் செலவு.