அனாடமியில் தொடங்க வேண்டாம், தம்பி

பாளையங்கோட்டையிலிருந்து போன ஜூலையில் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறான். தாய்மாமா போட்ட மனுவுக்குப் பல வருடம் காத்திருந்து, குடும்பத்தோடு கிரீன் கார்டில் வந்தவர்கள். பிளஸ் டூவில் பயாலஜி குரூப். வரும் ஆகஸ்டில் கம்யூனிட்டி கல்லூரியில் சேரப்போகிறான், பட்டப்படிப்பின் முதல் பாதியை அங்கே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகலாம். அவன் கேள்வி இது: "டாக்டராக வேண்டும் அக்கா. முதல் செமஸ்டரில் அனாடமி, கெமிஸ்ட்ரி, கால்குலஸ், இங்கிலிஷ் நான்கையும் எடுத்துவிடலாமா? 18 யூனிட் வருகிறது. மாலையில் மாமாவின் மளிகைக் கடையில் வாரம் 25 மணி நேரம் வேலை. கம்யூனிட்டி கல்லூரியில் படித்தால் மெடிக்கல் காலேஜில் எடுக்கவே மாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?"

தம்பி, உன் பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. 2004-ல் தஞ்சாவூரிலிருந்து வந்த புதிதில் நான் எடுத்ததும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். டாக்டர் என்றால் முதலில் அனாடமி என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம். ஊரில் எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் அதைத்தானே படிக்கிறார்கள்! இங்கே மெடிக்கல் காலேஜ் என்பது நான்கு வருடப் பட்டப்படிப்புக்கு அப்புறம் வரும் இன்னொரு நான்கு வருடம். அனாடமியை அங்கே அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். கம்யூனிட்டி கல்லூரியில் இருக்கும் அனாடமியும் பிசியாலஜியும் பெரும்பாலும் நர்சிங் போன்ற படிப்புகளுக்குப் போகிறவர்களுக்காக நடப்பவை. நல்ல பாடங்கள்தான். ஆனால் மெடிக்கல் காலேஜ்கள் கேட்கிற ஒரு வருட பயாலஜிக்கு ஈடாக அவற்றைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒரு செமஸ்டர் முழுக்க எலும்பின் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு, அப்புறம்தான் இதைத் தெரிந்துகொண்டேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதைவிட நுணுக்கமான பள்ளம் ஒன்று உண்டு. ஒரே கல்லூரியில் பயாலஜி என்ற பெயரிலேயே இரண்டு மூன்று பாடங்கள் இருக்கும். ஒன்று, அறிவியல் படிக்காதவர்கள் பொதுத் தேவைக்காக எடுப்பது. இன்னொன்று, பயாலஜியை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, படிக்கிறவர்களுக்கானது. கெமிஸ்ட்ரியிலும் இப்படித்தான், பிசிக்ஸிலும் இப்படித்தான். மேஜர் மாணவர்களுக்கான வரிசைதான் உனக்கு வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறாதே, பாட எண்ணைப் பார். கலிபோர்னியாவில் இதற்கென்றே அசிஸ்ட் என்ற அரசு இணையதளம் இருக்கிறது. உன் கல்லூரியையும், நீ பிற்பாடு மாறிப்போக நினைக்கும் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பல்கலைக்கழகத்தையும், மேஜரையும் தேர்ந்தெடுத்தால், இங்கே படிக்கும் எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்று வரிக்கு வரி காட்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வை.

மெடிக்கல் காலேஜுக்குத் தயாராவதைப் பிரீமெட் என்பார்கள், ஆனால் அப்படி ஒரு மேஜர் கிடையாது, தம்பி. நீ வரலாறுகூடப் படிக்கலாம். கேட்கிற பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆய்வகத்தோடு பயாலஜி ஒரு வருடம், ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒரு வருடம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒரு வருடம், பிசிக்ஸ் ஒரு வருடம், ஆங்கிலம் ஒரு வருடம், கொஞ்சம் கணிதமோ ஸ்டாட்டிஸ்டிக்ஸோ, பிற்பாடு பயோகெமிஸ்ட்ரி. ஒவ்வொரு மெடிக்கல் காலேஜும் இதில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கேட்கும். மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015 முதல் சைக்காலஜிக்கும் சோஷியாலஜிக்கும் தனிப் பகுதியே வந்துவிட்டதால் அவற்றிலும் ஒவ்வொரு பாடம் படிப்பது நல்லது.

இவற்றில் எல்லாவற்றுக்கும் வாசல் ஜெனரல் கெமிஸ்ட்ரி. அது முடியாமல் ஆர்கானிக் தொட முடியாது. பல கல்லூரிகளில் மேஜர் பயாலஜியின் செல் பாடத்துக்கே முதல் கெமிஸ்ட்ரியை முடித்துவிட்டு வா என்பார்கள். அதனால் முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி, ஒரு கணிதம், ஆங்கிலம், இந்த மூன்று போதும். ஆங்கிலத்துக்கு இப்போது மாநிலம் முழுக்க ஒரே எண் வந்துவிட்டது, இங்கிலிஷ் சி1000 என்று தேடு. இரண்டாவது செமஸ்டரில் கெமிஸ்ட்ரியின் அடுத்த பாதி, இரண்டாவது ஆங்கிலம், சைக்காலஜி. முடிந்தால் முதல் பயாலஜியை அங்கே சேர்த்துக்கொள்.

நேரே ஜெனரல் கெமிஸ்ட்ரியின் முதல் பாதியில் உட்கார, பள்ளியில் படித்ததற்கான சான்றோ ஒரு தகுதித் தேர்வோ கேட்பார்கள். பிளஸ் டூவில் படித்திருக்கிறாய், சமாளித்துவிடலாம் என்று தோன்றும். உண்மையைச் சொல், மோல் கணக்கைப் புத்தகம் பார்க்காமல் போட முடியுமா? தயக்கம் இருந்தால் முன்னோட்டமாக இருக்கும் அறிமுகக் கெமிஸ்ட்ரியை முதலில் எடு. ஒரு செமஸ்டர் கூடுதலாகும், ஆகட்டும்.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்று கேட்பாய். எங்கள் காலத்தில் ஊரில் இம்ப்ரூவ்மென்ட் எழுதினால் பழைய மார்க்கை யாரும் கேட்க மாட்டார்கள். இன்ஜினியரிங்கில் அரியர் வைத்தாலும் கிளியர் பண்ணிவிட்டால் கதை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. மெடிக்கல் காலேஜுக்குப் பெரும்பாலும் ஆம்காஸ் என்ற ஒரே விண்ணப்பம் வழியாகத்தான் போடுவோம். நீ எந்தக் கல்லூரியில் காலடி வைத்திருந்தாலும் அங்கிருந்து டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியல் போக வேண்டும். ஒரு பாடத்தை இரண்டு தடவை எடுத்தால் இரண்டு கிரேடையும் சேர்த்துத்தான் அவர்கள் ஜிபிஏ என்ற சராசரிப் புள்ளியைக் கணக்குப் போடுவார்கள். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் நான்குக்கும் தனியாகவும் ஒரு ஜிபிஏ உண்டு.

இதில் இன்னொரு சிக்கல். கலிபோர்னியா கம்யூனிட்டி கல்லூரியில் டி, எஃப் போன்ற தேறாத கிரேடு வாங்கினால்தான் மறுபடி எடுக்க விடுவார்கள். சி வாங்கினால் தேறிவிட்டாய் என்று அர்த்தம், சாதாரணமாக மறுபடி எடுக்க அனுமதி இல்லை. அந்த சி உன்னோடேயே வரும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஏ என்றால் 4 புள்ளி, சி என்றால் 2, அதைப் பாடத்தின் எடையான யூனிட்டால் பெருக்க வேண்டும். 14 யூனிட் எடுக்கிறாய். அதில் 5 யூனிட் கெமிஸ்ட்ரியில் சி, மீதி 9 யூனிட்டிலும் ஏ. ஜிபிஏ 3.29. அதை 3.7-க்குக் கொண்டுவர அடுத்து 20 யூனிட்டில் ஒரு பி கூட இல்லாமல் ஏ வாங்க வேண்டும். மெடிக்கல் காலேஜில் இடம் பிடிக்கிறவர்களின் சராசரி 3.7-க்கு மேலேதான் இருக்கிறது. எனக்கு அந்த முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியில் வந்தது சி. அதன் கூடவே ஏழு வருடம் நடந்தேன். நேர்காணலில்கூட அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அந்த சி எனக்குப் பாடம் புரியாமல் வந்ததல்ல. தஞ்சாவூரில் பிராக்டிகல் என்றால் சால்ட் அனாலிசிஸ். ரெக்கார்டு நோட்டை முன்னால் படித்த அக்காக்களிடம் வாங்கிப் பார்த்து எழுதுவோம். டைட்ரேஷன் ரீடிங் கொஞ்சம் பிசகினாலும் 'வர வேண்டிய' விடையை எழுதிவிடுவோம். இங்கே இரண்டாவது வாரமே ப்யூரெட்டில் எனக்கு 23.4 என்று வந்தது. பக்கத்துப் பெண்ணுக்கு 21.8. நான் பேசாமல் 21.8 என்று அடித்துத் திருத்தினேன். ஆசிரியை அருகில் வந்து நின்றார். திட்டவில்லை. "உனக்கு வந்ததை எழுது. ஏன் மாறியது என்று யோசித்து எழுதினால் அதற்குத்தான் மார்க்" என்றார். எனக்குக் காது சுட்டது. அன்று வெட்கப்பட்டவள் அதற்கப்புறம் அவர் அறைப்பக்கமே போகவில்லை. அவரோ வாரம் இரண்டு நாள், ஆபீஸ் அவர்ஸ் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்காகவே காத்திருப்பார். கூப்பிட்டால் ஒழிய வாத்தியார் அறைக்குப் போகக்கூடாது என்று வளர்ந்தவள் நான். பத்து வாரம் கழித்துப் போனேன். என் தவற்றை நாலே நிமிடத்தில் காட்டினார், சிக்னிஃபிகன்ட் ஃபிகர்ஸ், அதாவது விடையை எத்தனை இலக்கத்தில் எழுத வேண்டும் என்ற சின்ன விஷயம். பத்து வாரமும் அதிலேயே மார்க் போய்க்கொண்டிருந்தது.

நீ முதல் வாரமே போ. கேள்வி இல்லாவிட்டாலும் போய், பெயரைச் சொல்லி, எங்கிருந்து வந்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு வா. பிற்பாடு உனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர்கள் அவர்கள்தான். 30, 40 பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் முகம் பார்த்துப் பழகுவது கம்யூனிட்டி கல்லூரியில் கிடைக்கும் பெரிய பாக்கியம். யூசியில் முதல் வருடக் கெமிஸ்ட்ரிக்கு முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து மளிகைக் கடை. ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம், வகுப்பையும் படிப்பையும் சேர்த்து. 18 யூனிட் என்றால் 54 மணி. கடை 25. மொத்தம் 79 மணி நேரம். எப்போது தூங்குவாய்? நான் சொன்ன மூன்று பாடம் 13, 14 யூனிட் வரும். அதுவே 40 மணி நேரத்தை ஒட்டி வரும். மாமாவிடம் பேசி வேலையை 12 மணி நேரமாகக் குறைக்க முடியுமா பார். வீட்டு நிலைமையில் அது முடியாது என்றால் வெட்கப்படாமல் கெமிஸ்ட்ரியும் ஆங்கிலமும் மட்டும் எடு. 12 யூனிட்டுக்குக் கீழே போனால் உதவித்தொகை குறையலாம், அதை முன்பே கேட்டுக்கொள். மூன்று வருடம் கழித்து யூசிக்குப் போனாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் மூன்று வருடம் எடுத்தேன். இப்போது குடும்ப மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வரும் நோயாளி ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், வெளியாளுக்கு அதைப் போலப் பல மடங்கு. மாநிலவாசியாகக் கணக்கில் வர, செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே இருந்திருக்க வேண்டும். போன ஜூலையில் வந்ததால் உனக்கு இந்த ஆகஸ்டில் சரியாக வரும். விமான டிக்கெட், வாடகை ஒப்பந்தம், அப்பாவின் வருமான வரித் தாள், எதையும் தூக்கிப் போடாதே. கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் உதவித்தொகை விண்ணப்பமான ஃபாஃப்சா போடலாம். கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் கிடைத்தால் அந்த 46 டாலரும் இல்லை. உன் வயதில், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு 21 வயது முடிவதற்குள் வேறு வழி பார்க்க வேண்டிய கவலை இருக்கிறது, கிரீன் கார்டு இல்லாதவர்களை எடுக்கும் மெடிக்கல் காலேஜ்களும் குறைவு. உன் மாமா இத்தனை வருடம் காத்திருந்து வாங்கித் தந்தது எவ்வளவு பெரியது என்று அப்போது புரியும்.

எந்தக் கல்லூரி என்பதில் ஒன்று கவனி. ஃப்ரீமான்ட்டில் இருக்கும் ஓலோனி செமஸ்டர் முறை. டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக நடக்கும் குவார்ட்டர் முறை, அங்கே ஜெனரல் கெமிஸ்ட்ரி மூன்று துண்டாக வரும். எங்கே தொடங்குகிறாயோ அங்கேயே அந்த வரிசையை முடி. பாதியில் மாறினால் நடுவில் ஒரு துண்டு விட்டுப்போகும்.

சொந்தக்காரர்கள் சொல்வதற்கு வருகிறேன். லிவர்மோர் கோயிலில் பார்க்கும்போது "கம்யூனிட்டி காலேஜா?" என்று இழுத்துக் கேட்பார்கள். அது எனக்கும் வலித்திருக்கிறது. கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து டாக்டராக வருகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கைகொடுக்கவே இந்த மாநிலத்தில் கலிபோர்னியா மெடிசின் ஸ்காலர்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர முடியுமா என்று உன் கல்லூரியில் கேள். யூசிக்கு மாற 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு யூசிகள், சொன்ன கிரேடோடு வந்தால் இடம் நிச்சயம் என்று முன்பே எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தமும் வைத்திருக்கின்றன. அங்கே போனபின் மேல்நிலை அறிவியல் பாடங்களில் நன்றாகச் செய்தால், கம்யூனிட்டி கல்லூரி கிரேடைச் சந்தேகப்பட யாருக்கும் காரணம் இருக்காது.

கவுன்சிலரைப் பார்த்து எஜுகேஷன் பிளான் போட்டுக்கொள். ஊரில் கவுன்சலிங் என்றால் சீட்டு ஒதுக்கும் இடம், இங்கே அவர்கள் வழி சொல்கிறவர்கள், அவ்வளவுதான். அசிஸ்ட் தாளைக் கையில் கொண்டுபோய், நீ கேள். அவர்கள் சொல்வதையும் அந்தத் தாளோடு சரிபார்.

பாடம் கைமீறிப் போகிறது என்று பாதியில் தெரிந்தால், கடைசித் தேதிக்குள் விலகினால் கிரேடுக்குப் பதில் விலகியதைக் காட்டும் டபிள்யூ விழும். ஜிபிஏவைத் தொடாது. ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை, பழக்கமாக்கிக்கொள்ளாதே. மருத்துவமனையில் தன்னார்வ வேலை, டாக்டரோடு கூட நின்று பார்ப்பது எல்லாம் இரண்டாவது செமஸ்டரில் வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்குத் தடுப்பூசிச் சீட்டை மட்டும் ஊரிலிருந்து வரவழைத்து வை, கேட்பார்கள்.

முதல் நாள் வகுப்புக்குக் கட்டாயம் போ. வராதவர்கள் பெயரை அன்றே அடித்துவிட்டு வெயிட்லிஸ்ட்டில் நிற்கிறவர்களுக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். கெமிஸ்ட்ரி லேபுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகாதே, மூடிய ஷூ இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஷூவை இந்த வாரமே வாங்கிவிடு.