போக்குவரத்துப் பொறியியல் படித்தவருக்கு அவசரகாலத் திட்டமிடலில் என்ன வேலை?

கேள்வி: அமெரிக்காவில் போக்குவரத்துப் பொறியியலில் எம்.எஸ். படிக்கிறேன். அவசரகாலத் திட்டமிடல், உள்நாட்டுப் பாதுகாப்புப் பக்கம் போகலாமா?

தாராளமாகப் போகலாம். உள்நாட்டுப் பாதுகாப்பு என்றதும் விமான நிலையச் சோதனைதான் பலருக்கு நினைவு வரும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உருவான டிஎஸ்ஏ என்ற அரசு அமைப்பு செய்யும் அந்தச் சோதனை, உள்நாட்டுப் பாதுகாப்பில் ஒரு பகுதிதான். உங்கள் படிப்புக்கு நேரடியாகப் பொருந்துவது, புயல் போன்ற ஆபத்து வரும்போது மக்களை ஊரிலிருந்து பாதுகாப்பாக வெளியேற்றும் திட்டம்.

2005இல் கத்ரீனா புயல் வந்தபோது நியூ ஆர்லியன்ஸில் நெடுஞ்சாலையின் எல்லாத் தடங்களையும் ஊருக்கு வெளியே போகும்படி திருப்பிவிட்டார்கள். கார் வைத்திருந்தவர்களுக்கு அது நன்றாகவே உதவியது. கார் இல்லாத பல்லாயிரம் பேர் ஊருக்குள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே ரீட்டா புயலுக்குப் பயந்து ஹூஸ்டன் மக்கள் ஒரே நேரத்தில் கிளம்ப, சாலைகளில் வண்டிகள் நகர முடியாமல் நின்றன. முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற ஒரு பேருந்து டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். யாரை முதலில் அனுப்புவது, எந்த வண்டியில், டீசல் எங்கே, ஓட்டுநர் யார் என்று புயலுக்கு முன்பே முடிவு செய்து ஒத்திகை பார்ப்பதுதான் இந்த வேலை. என் பார்வையில், உயிர்களோடு இவ்வளவு நேரடித் தொடர்புள்ள வேலை போக்குவரத்துத் துறையில் அரிது.

ஒன்றைக் கவனியுங்கள்: மத்திய அரசு வேலைகளுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அது இல்லையென்றால் ஆலோசனை நிறுவனங்கள், நகரப் போக்குவரத்துக் கழகங்கள், மாநிலப் போக்குவரத்துத் துறைகள் பக்கம் பாருங்கள். அப்புறம், அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா இணையத்தில் இலவசமாக நடத்தும் ஐஎஸ்-100, ஐஎஸ்-700 என்ற அடிப்படைப் பாடங்களை இப்போதே முடித்துவிடுங்கள்.