நீக்க வேண்டாம், தாண்டிப் போனால் போதும்

அன்புள்ள ஐயா,

மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் ஒரு சட்டம் இயற்றுகிறார்கள். யாரும் ஓட்டுப் போடாத சில நீதிபதிகள் அது செல்லாது என்கிறார்கள். இது எப்படி ஜனநாயகம்? நீதித்துறைச் சுதந்திரம் என்பது நீதிபதிகள் தங்களைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலிதானே?

கே.

அன்புள்ள கே.,

ஓட்டு வாங்காதவர்கள் என்பதால்தான் அந்த வேலை அவர்களிடம் இருக்கிறது. அரசு ஒருவரை விசாரணையில்லாமல் சிறையில் வைத்தால், அவர் அந்த அரசை எதிர்த்தே வழக்குப் போட வேண்டும். தீர்ப்புச் சொல்பவர் அடுத்த தேர்தலையோ அமைச்சரின் முகத்தையோ பார்த்துக்கொண்டிருந்தால் வழக்கு எதற்கு?

மன்னர் நினைத்தால் நீதிபதியை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலையை இங்கிலாந்து 1701ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றியது. நம் அரசியலமைப்பும் அந்த வழிதான். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க, இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஆதரவு வேண்டும்; வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அவர்களுடைய சம்பளச் செலவு ஆண்டு பட்ஜெட்டில் நாடாளுமன்ற ஓட்டெடுப்புக்கே வராது.

சரி, இவ்வளவும் இருந்து என்ன நடந்தது? நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், தடுப்புக்காவலில் இருப்பவர் தன்னை அடைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது என உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் நான்கு பேர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அவரை நீக்க வேண்டிய தேவையே அரசுக்கு வரவில்லை. 1977 ஜனவரியில், பணிமூப்பில் அவருக்கு அடுத்திருந்த எம்.எச். பேகைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார். மூத்தவரே தலைமை நீதிபதி என்பது வழக்கம்தான், அரசியலமைப்பில் அப்படி எழுதவில்லை. அப்புறம் இன்னொன்று: அந்த நால்வரில் ஒருவர் ஏற்கெனவே தலைமை நீதிபதி; மற்ற மூவரும் பின்னால் ஆனார்கள்.

அதனால்தான் பதவி நீக்கத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பதவி உயர்வு, இடமாற்றம், ஓய்வுக்குப் பிறகு கிடைக்கும் பதவி, இவற்றைத்தான் கவனிக்கிறேன்.

வேலி என்று நீங்கள் சொன்னது ஓரிடத்தில் பொருந்தும். 1993 தீர்ப்புக்குப் பிறகு நீதிபதிகளைத் தேர்வு செய்வதில் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் அடங்கிய குழுவான கொலீஜியத்துக்கே முதன்மை. அதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. அமைச்சர் கை நுழையக் கூடாது என்ற பயம் நியாயமானதே, கன்னாவை நினைத்தால் புரியும். ஆனால் ஒருவரை ஏன் எடுத்தார்கள், இன்னொருவரை ஏன் விட்டார்கள் என்பதை விளக்கமாக வெளியே சொன்னால் எந்தச் சுதந்திரம் குறைந்துவிடும்? இதைக் கேட்கும்போது, கொலீஜியம் அனுப்பிய பெயர்களில் சிலவற்றை அரசு ஏன் கிடப்பில் போடுகிறது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.